கட்டில் இயல்: புனே நகரில் மாணவர் குடியேற்றம் குறித்த ஓர் ஆய்வு

மனிதன் வாடகைக்கு எடுக்கக்கூடியவற்றுள் மிகச் சிறியது எது என்று இதுவரை யாரும் அளந்து சொன்னதில்லை. சென்னைக்காரரைக் கேட்டால் ஒண்டுக்குடித்தனத்தின் ஒற்றை அறையைக் காட்டுவார். திருவல்லிக்கேணி மேன்ஷனில் காலம் தள்ளியவர் அந்த அறையிலும் பாதியைக் காட்டுவார். புனே மட்டும் திட்டவட்டமான விடை வைத்திருக்கிறது: ஆறடிக்கு மூன்றடி, நான்கு கால். இதற்கு அந்த ஊரில் ‘காட் பேசிஸ்’ என்று பெயர். மின்கம்பத்திலும் ஜெராக்ஸ் கடைச் சுவரிலும் ஒட்டியிருக்கும் துண்டுக் காகிதங்கள் வீடு இருக்கிறது என்று சொல்வதில்லை, அறை இருக்கிறது என்றும் சொல்வதில்லை. ‘காட் பேசிஸ், மாணவர்களுக்கு மட்டும்’ என்கின்றன. கட்டிலுக்குக் கீழுள்ள இடம் பெட்டி வைத்துக்கொள்ள இலவசம். கட்டிலுக்கு மேலுள்ள காற்று, மின்விசிறி சுழன்றால், தனிக் கணக்கு.

இக்கட்டிலை முதன்முதலாக ஆய்வுப்பொருளாக எடுத்துக்கொள்வது இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வுக் களம் புனே, நாராயண் பேட். ஆய்வுக் காலம் 2008 ஜூன் முதல் 2010 மே வரை. தரவாளர்கள் ஒரே அறையில் கிடந்த நால்வர். அவர்களுள் ஒருவர் ஆய்வாளரே. நெறியாளர் என்று யாரும் இல்லை. வீட்டுக்காரர் இருந்தார், அது போதும்.

முதலில் சொல்லாராய்ச்சி. ஆங்கிலேயரின் ‘காட்’ அவர்கள் ஊர்ச் சொல் அல்ல. இந்தியின் ‘காட்’ என்பதை இங்கே படுத்துப் பார்த்துவிட்டு எடுத்துப் போனார்கள். இந்திச் சொல்லுக்கு மூலம் சமஸ்கிருதத்தின் ‘கட்வா’. அந்தக் கட்வாவே திராவிட மொழியிலிருந்து, அதாவது நம் ‘கட்டில்’ என்ற சொல்லின் குடும்பத்திலிருந்து, போயிருக்கலாம் என்று கருதும் மொழியறிஞர்கள் உண்டு. நான் அவர்கள் கட்சி. அப்படியானால் கரூரிலிருந்து ஒரு பையன் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ரயிலில் போய், தன் பாட்டன் வீட்டுச் சொல்லின்மேல், மாதம் 1200 ரூபாய் கொடுத்துப் படுத்திருக்கிறான். ‘பேட்’ என்பதும் அப்படித்தான். சைதாப்பேட்டை, ராயப்பேட்டை, சதாசிவ பேட், நாராயண் பேட் எல்லாம் ஒரே சாதி. இடமும் நம் சொல், படுக்கையும் நம் சொல். டெபாசிட் மட்டும் அவர்களுடையது.

முன்னாய்வுகள் என்று பார்த்தால், தமிழில் காட் பேசிஸ் குறித்த மிகப் பழைய சான்று புறநானூற்றின் 50ஆம் பாட்டு. மோசிகீரனார் என்ற புலவர் களைத்துப்போய் அரண்மனைக்குள் வந்து, முரசு வைக்கும் கட்டிலில் ஏறிப் படுத்துத் தூங்கிவிட்டார். முரசை நீராட்டக் கொண்டுபோயிருந்த நேரம். அந்தக் கட்டிலில் ஏறியவனை வாளால் துண்டாக்குவது மரபு. உரிமையாளரான சேரன், தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை, திரும்பி வந்து பார்த்தான். வெட்டவில்லை. விசிறியை எடுத்து, புலவர் விழிக்கும்வரை வீசிக்கொண்டு நின்றான். முன்பணம் இல்லை, ஒப்பந்தம் இல்லை, விசிறிக்குத் தனிக் கட்டணமும் இல்லை. சேரர் தலைநகர் வஞ்சி எங்கள் கரூர்தான் என்பது எங்கள் ஊர்க் கட்சி. பக்கத்தில் புகழூர் மலைக் கல்வெட்டில் இரும்பொறைகள் பெயரே இருக்கிறது. இப்படிப்பட்ட வீட்டுக்காரர்கள் வாழ்ந்த ஊரிலிருந்து கிளம்பியவன் எந்த எதிர்பார்ப்போடு புனே ரயில் நிலையத்தில் இறங்கியிருப்பான் என்பதை வாசகர் ஊகிக்கலாம்.

இறங்கிய முதல் பத்து நாள் கட்கியில் இருந்தேன். 1869ஆம் ஆண்டிலிருந்து அங்கே வெடிமருந்துத் தொழிற்சாலை இருக்கிறது. அதை ஒட்டித் தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்களும் இருக்கின்றன. அவற்றுள் ஒரு வீட்டுக்காரர் எனக்குச் சித்தப்பா முறை. எந்த வழியில் சித்தப்பா என்பது இன்றுவரை தனி ஆய்வுக்குரியது. தினமும் காலையில் அங்கிருந்து பேருந்து பிடித்து நகருக்குள் வந்து வீடு தேடுவேன். “தம்பி, பேட் பக்கம் போனா பேரை மட்டும் தெளிவாச் சொல்லு” என்று சித்தப்பா சொன்னதன் பொருள் முதல் வாசலில் விளங்கிற்று.

“ஆட்நாவ் காய்?”

குடும்பப் பெயர் என்ன என்று கேட்கிறார்கள். மராட்டியில் குடும்பப் பெயர் என்பது பாதி முகவரி. சிப்ளூண்கர் என்றால் சிப்ளூணிலிருந்து வந்தவர், மங்கேஷ்கர் என்றால் மங்கேசி ஊர். மீதி விவரங்களையும் அந்தக் காதுகள் அதிலேயே கேட்டுக்கொள்ளும். தமிழனிடம் இருப்பது ஓர் எழுத்து. “எம்.” என்றேன். எம் என்றால்? அப்பா பெயர். அப்பா பெயரைக் கேட்கவில்லை, ஆட்நாவ். அதுதான் இது. அப்படியானால் உன் அப்பாவின் ஆட்நாவ்? “கே.” இந்த உரையாடலைப் பின்னோக்கி நடத்தினால் ஆங்கில எழுத்து இருபத்தாறும் தீரும்வரை போகலாம். இனிஷியல் என்பது தமிழகம் சாதிப் பெயரை வாலிலிருந்து வெட்டியபோது எஞ்சிய தழும்பு, பெருமைக்குரிய தழும்புதான். ஆனால் நாராயண் பேட்டின் மரப்படிகளில் நின்று அதை அரைகுறை இந்தியில் விளக்கிப் பார்த்தவருக்குத்தான் அதன் எடை தெரியும்.

இந்தக் கேள்வியைச் சிரிப்பாக எழுத வாய்த்ததே ஒரு சலுகை. எனக்கு முன்னால் அதே படியில் நின்ற இன்னொரு மாணவன் பெயரைச் சொன்னதும் கட்டில் நிரம்பிவிட்டது. ஐந்து நிமிடம் கழித்து நான் கேட்டபோது அதே கட்டில் காலியாகிவிட்டது. அவன் பெயர் அன்வர் போல ஒன்று. இந்த இயற்பியலுக்கு நான் இக்கட்டுரையில் விளக்கம் தேடவில்லை; விளக்கம் எல்லோருக்கும் தெரியும்.

கட்டில் வாய்த்த வீடு ஒரு வாடா. நடுவில் முற்றம், துளசி மாடம், சுற்றி மரத்தூண்கள், ஏறினால் முனகும் படிகள். வீட்டுக்காரருக்கு எழுபது வயதுக்குக் கிட்ட. அவரைக் ‘காகா’ என்று அழைக்க வேண்டும் என்று அவரே சொன்னார். காகா என்றால் சித்தப்பா. தமிழ்க் காதுக்கு முதல் ஒரு வாரம் அது அமாவாசைச் சோறு வைக்கும்போது கூப்பிடுகிற குரலாகவே கேட்கும். அவர் மனைவி காகூ. பாத்திரம் தேய்க்க வருபவர் மாவ்ஷி, அதாவது சித்தி. இத்தனையும் ஒருவாறு ஒழுங்குதான். சிக்கல் எங்கே என்றால், காகா என்னை ‘அண்ணா’ என்று அழைத்தார். அந்தப் பக்கத்தில் தெற்கத்தியர் எவரும் அண்ணா. இட்லிக்கடைக்காரர் முதல் என்வரை. எனக்கு அவர் சித்தப்பா, அவருக்கு நான் அண்ணன் என்றால் நான் என் அப்பாவாகவே இருக்க வேண்டும். ஆட்நாவ் கேட்டபோது அப்பா பெயரைச் சொன்னதன் விளைவோ என்னவோ. புனே டெக்கான் கல்லூரியில் இருந்த மானிடவியலாளர் இராவதி கார்வே, 1953இல் வெளியிட்ட இந்திய உறவுமுறை பற்றிய நூலில், நாட்டையே உறவுமுறை மண்டலங்களாகப் பிரித்துக் காட்டினார். தென் மண்டலத்துப் பையன் ஒருவன் மத்திய மண்டலத்துக் கட்டிலில் படுக்கும்போது என்ன ஆகும் என்பதை எதிர்கால ஆய்வாளர்களுக்கு விட்டுவைத்தார் போலும்.

காகா என்ற சொல்லுக்கு அந்த வட்டாரத்தில் ஒரு கனமும் உண்டு. நாராயண் பேட்டுக்குப் பெயர் தந்த பேஷ்வா நாராயணராவ், 1773 ஆகஸ்டு 30 அன்று, கூப்பிடு தூரத்திலுள்ள சனிவார் வாடா அரண்மனையில் கொல்லப்பட்டார். சித்தப்பா ரகுநாதராவை நோக்கி “காகா, மலா வாச்சவா” (சித்தப்பா, என்னைக் காப்பாற்று) என்று அலறிக்கொண்டு ஓடினாராம். அந்தக் குரல் இன்னும் இரவில் கேட்கிறது என்பது ஊர் நம்பிக்கை. கூடவே ஒரு கதை: ‘பிடி’ என்று எழுதிய கட்டளையில் ஒரே ஓர் எழுத்தை, ‘த’வை ‘மா’வாக, சித்தி ஆனந்திபாய் திருத்த, அது ‘கொல்’ என்று ஆகிவிட்டதாம். ‘த சா மா’ என்பது மராட்டியில் இன்றும் வழக்கு. ஓர் எழுத்து மாறினால் தலை போகும் ஊரில் ஒப்பந்தம் எழுதுகிறவர் எவ்வளவு கவனமாக எழுதுவார்! காகா நோட்டுப் புத்தகத்தில் இரண்டு பக்கம் எழுதி, என்னிடம் வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கினார். ஆட்நாவ் என்ற இடத்தில் மட்டும் ஒரு கோடு.

சட்டப்படி மகாராஷ்டிரத்தில் இப்படித் தங்குபவர் குடித்தனக்காரர் அல்லர், அனுமதி பெற்றவர். ஒப்பந்தத்துக்கே ‘லீவ் அண்ட் லைசன்ஸ்’ என்று பெயர். லீவ் என்பதற்கு விடுமுறை என்று பொருள் கொண்ட மாணவர்கள் உண்டு. ஒருவரை எனக்கு நெருக்கமாகத் தெரியும். காலம் பதினோரு மாதம். ஏன் பதினொன்று? 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம், ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய் என்கிறது. அதற்கு ஒதுங்கி நாடே பதினொன்றில் நின்றுகொண்டது. ஆனால் 1999ஆம் ஆண்டு மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, எத்தனை மாதமானாலும் எழுதிப் பதிவு செய் என்கிறது. எனவே இந்த மாநிலத்தில் பன்னிரண்டாம் மாதத்தை வெட்டுவதால் பதிவு தப்பாது. இருந்தும் வெட்டுகிறார்கள். சந்திரனைப் பார்த்து மாதம் எண்ணும் மராட்டியருக்குச் சில ஆண்டுகளில் பதின்மூன்றாவதாக ஓர் அதிக மாசம் வரும். வீட்டுக்காரர் பஞ்சாங்கத்தில் எல்லா ஆண்டுமே ஒரு மாதம் குறையும். இரண்டையும் கூட்டிச் சராசரி பார்த்தால் சரியாக வரும் என்பது என் கருதுகோள். கட்டிலுக்குப் பதிவு உண்டா என்று நான் கேட்டபோது காகா பார்த்த பார்வையை இங்கே விவரிக்க இயலாது. ஆனால் 24ஆம் பிரிவு, காலம் முடிந்தும் கிளம்பாதவர் இரட்டைத் தொகை தர வேண்டும் என்பது, அவருக்கு மனப்பாடம்.

ஒப்பந்தத்தின் எழுதப்படாத பகுதி வெள்ளம். 1961 ஜூலை 12 அன்று, கட்டி முடியாத பான்ஷேத் அணை உடைந்து, அந்த நீர் கீழே இருந்த கடக்வாஸ்லா அணையையும் உடைத்துக்கொண்டு நகருக்குள் வந்தது. முட்டா ஆற்றோரப் பேட்டைகள் மூழ்கின. வீடிழந்தவர்களுக்காக நகரின் விளிம்பில் புதுக் குடியிருப்புகளே எழுந்தன. காகா அப்போது கல்லூரி மாணவர். படிக்கட்டில் தண்ணீர் நின்ற அளவைப் புதிதாக வருகிற ஒவ்வொரு கட்டிலுக்கும் விரலால் தொட்டுக் காட்டுவார். “மரக்கட்டில் எல்லாம் மிதந்து போயிற்று. இது இரும்பு. இது போகவில்லை” என்று என் கட்டிலைத் தட்டினார். வெள்ளத்தையே பார்த்த கட்டிலுக்கு முன்பணம் மூன்று மாதம் அதிகமா என்று அதற்குமேல் கேட்க நாக்கு எழவில்லை. குழாயில் தண்ணீர் விடியற்காலை ஐந்து மணிக்கு வந்து ஆறரைக்கு நிற்பதற்கும் அந்த வெள்ளத்துக்கும் அவர் ஒரு தொடர்பு சொல்வார். ஊருக்குத் தண்ணீர் வர வேண்டியதெல்லாம் அன்றைக்கே வந்துவிட்டதாம்.

காவல் நிலையத்துக்குக் கொடுக்கும் படிவத்தில், புனேயில் தங்களை அறிந்த இருவர் பெயர் தருக என்றிருந்தது. அங்கே இருவரைத் தெரிய வேண்டுமானால் முதலில் குடியிருக்க வேண்டும். குடியிருக்க வேண்டுமானால் இருவரைத் தெரிய வேண்டும். முட்டையா கோழியா என்ற பழைய விவாதத்தை நகரக் காவல்துறை அளவுக்கு யாரும் கூர்மைப்படுத்தவில்லை. கட்கிச் சித்தப்பா ஒருவர். இன்னொருவராகக் காகா தன் பெயரையே போட்டுக்கொண்டார்.

தொல்காப்பிய முறைப்படி இக்களத்துக்குத் திணை வகுக்கலாம். நிலம் பேட்டை. பொழுது நண்பகல், நம் இலக்கணத்தில் அது பாலைக்குரியது, புனேயிலும் அப்படியே. ஒரு மணி முதல் நான்கு மணி வரை பழைய நகரம் தூங்கும். கதவைத் தட்டக் கூடாது, மணி அடிக்கக் கூடாது, முகவரி கேட்கக் கூடாது என்று வாசல்களில் பலகை தொங்கும். புனேப் பலகைகள் என்றே அவற்றுக்குத் தனிப்புகழ். பாக்கர்வடிக்குப் பேர்போன சித்தளே கடையும் அப்போதெல்லாம் ஒன்றிலிருந்து நான்கு வரை மூடியிருக்கும். 2017இல் அந்த வழக்கத்தைக் கைவிட்டபோது அது செய்தித்தாளில் வந்தது. கருப்பொருளில் தெய்வம் கணபதி, உணவு போஹா, பானம் அம்ருத்துல்ய கடைச் சாயா, பறவை காகா. உரிப்பொருள் தேடலும் தேடல் நிமித்தமும்.

உணவுக்கு வருவோம், இங்கேதான் நான் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். மெஸ்ஸில் முதலில் போளி வரும். தமிழன் தேங்காய்ப் பூரணத்தை நினைத்து நிமிர்வான். அது வெறும் கோதுமைச் சப்பாத்தி. கூடவே ஒரு பாஜி. பிறகு இன்னும் போளி. சோறு வரும், எல்லாம் முடிந்தபின், ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்த அளவில், மேலே மஞ்சளாக வரண் என்ற பருப்போடு வரும். நமக்குச் சோறு நூல், மற்றதெல்லாம் உரை. அங்கே சோறு பின்னிணைப்பு. இரண்டாவது முறை சோறு கேட்டதற்கு மெஸ் நடத்திய அம்மாள் மறுக்கவில்லை. வயிறு சரியில்லையா என்று விசாரித்தார். ஞாயிறு மதியம் இனிப்போடு ‘ஃபீஸ்ட்’, அன்று இரவு விடுமுறை. மதியம் போட்டதில் இரவுக்கும் சேர்த்துப் போட்டாயிற்று என்பது கணக்கு. எங்கள் அறையில் லாத்தூர்க்காரர் மாநில அரசுத் தேர்வுக்குப் படித்தார், இம்பால்காரர் சட்டம், பிகாரின் சிவானிலிருந்து வந்தவர் கணினி, நான் பொருளியல். நால்வருக்கும் பொதுமொழி என்று ஒன்று உருவானதே ஞாயிறு இரவுகளில்தான். அதன் சொற்கள் பெரும்பாலும் மேகி பற்றியவை.

புனே மாணவரின் சாப்பாட்டுக்கு வரலாறு உண்டு. ஏழை மாணவர் கிழமைக்கு ஒரு வீடு என்று வைத்துச் சாப்பிட்டுப் படிப்பதை ‘வார் லாவூன் ஜேவணே’ என்பார்கள். வீடு வீடாகச் சமைத்த உணவை வாங்கி வருவது மதுகரி, தேனீயின் வேலை. நம் ஊரிலும் வாரச் சாப்பாடு என்று அச்சாக அதே ஏற்பாடு இருந்தது, அதே சொல்லோடு. புனேயில் ரவிவார், சோமவார், மங்கள்வார், புத்வார், குருவார், சுக்ரவார், சனிவார் என்று கிழமைக்கு ஒன்றாக ஏழு பேட்டையும் இருக்கின்றன. ஆக, வாரச் சாப்பாட்டு மாணவன் எந்த நாளில் எந்தத் தெருவுக்குப் போவது என்று குழம்பாதிருக்கவே நகரம் இப்படி அமைக்கப்பட்டது என்று துணிகிறேன். வரலாற்றாசிரியர்கள் ஒப்பமாட்டார்கள், அவர்கள் ஞாயிறு இரவைப் பார்க்காதவர்கள். இந்த நகரத்தில் சாப்பாட்டுக்கவலை நிறுவனமாகவே வளர்ந்திருக்கிறது. கிராமத்துப் பிள்ளைகள் தங்கிப் படிக்க வித்யார்த்தி சஹாய்யக் சமிதி 1955இல் தொடங்கியது. ஃபெர்குசன் கல்லூரித் தாவரவியல் பேராசிரியர் எஸ். பி. முஜும்தார், ஒரு மாணவன் பெண்கள் விடுதி ஜன்னல் வழியாக எதையோ நீட்டுவதைக் கண்டு கோபத்தோடு விசாரித்தார். உள்ளே மொரீஷியஸ் மாணவி மஞ்சள்காமாலையில் படுத்திருந்தார், நீட்டப்பட்டது சாப்பாடு. வெளிநாட்டு மாணவர்களுக்காக 1971இல் அவர் தொடங்கிய சிம்பயாசிஸ் பின்னாளில் பல்கலைக்கழகமாயிற்று. ஒரு பாத்திரச் சோறு ஜன்னலைத் தாண்டி அவ்வளவு தூரம் போயிருக்கிறது.

மாத முதல் வாரத்தில் கையில் காசு இருந்தால் ஃபெர்குசன் சாலையில் வைஷாலிக்குப் போய் இட்லியும் காப்பியும். அந்த உணவகத்தின் பழைய பெயர் மதராஸ் ஹெல்த் ஹோம். பக்கத்து ரூபாலி முன்பு கஃபே மதராஸ். உடுப்பிப் பக்கத்து ஷெட்டி நடத்தியதற்கு மதராஸ் என்று பெயர் வைத்ததும், பின்பு மதராஸை எடுத்துவிட்டுப் பெண் பெயர் வைத்ததும் ஆட்நாவ் ஆராய்ச்சியின் இன்னொரு கிளை. விரிக்கவில்லை.

தரவு சேகரிப்பு 2010 மே மாதம் முடிந்தது. அந்த ஆண்டு வைசாக மாதம் அதிக மாசமாக இரண்டு முறை வந்தது. காகா அதற்குத் தனி வாடகை கேட்கவில்லை என்பதைப் பதிவு செய்வது ஆய்வு நேர்மை. பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்தபின் அவர் காலநிர்ணய் நாட்காட்டியின் ஏப்ரல் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் கணக்கு எழுதினார். முன்பணம் 3600. சுவரில் ஆணித் துளை இரண்டு, கழிவு 40. மின்விசிறி, கடைசிப் பதினேழு நாள், கழிவு 34. காகூ கொடுத்துத் திரும்பாத எவர்சில்வர் டப்பா, கழிவு 60. டப்பாவில் வந்த லட்டுக்குக் கழிவு இல்லை. மீதி 3466 ரூபாயை இருமுறை எண்ணிக் கொடுத்தார்.

பெற்றுக்கொண்டவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போடப் பேனாவை நீட்டினேன். பொறு என்று தாளை வாங்கி, இரண்டு வருடம் கோடாகக் கிடந்ததை நிரப்புகிறவர் போலக் கொஞ்சம் யோசித்து, என் பெயருக்குப் பக்கத்தில் தேவநாகரியில் ஆட்நாவ் எழுதினார்.

கரூர்கர்.